வீட்டில் எத்தனை பொம்பிளைப் பிள்ளைகள்?

பிளானை மேசையில் விரிக்க என்ஜினியர் விடமாட்டார். சுருட்டியபடியே வாங்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்பார்.

"வீட்டில பொம்பிளப் புள்ள எத்தின?"

வேறு ஊராக இருந்தால் மனுசனுக்கு அடி விழுந்திருக்கும். வீட்டுப் பிளானுக்குக் கையெழுத்து வைக்கிற என்ஜினியருக்கு வீட்டுப் பெண்களின் கணக்கு எதற்கு? ஆனால் மட்டக்களப்பில் வீடு என்றால் அது மகளுக்குத்தான். தமிழ் ஆட்களென்றாலும் முஸ்லிம் ஆட்களென்றாலும் இதில் வித்தியாசம் இல்லை. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இரண்டாவது மகளுக்குக் காணி இல்லாவிட்டால் மூத்தவளின் வீட்டுக்கு மேலே இன்னொரு வீடு எழும்பும். மூன்றாவதும் இருந்தால் அதற்கும் மேலே.

அதனால் கேள்வியில் குற்றமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். அவர் கேட்கிற விதத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள். களவு கொடுத்த வீட்டில் பொலிஸ்காரன் வேலைக்காரியை விசாரிப்பது போலக் கேட்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் விலை சொல்லுவார். ஒரு மகள் என்றால் ஒரு விலை. இரண்டு என்றால் அது ஏறும். மூன்று என்று சொன்னவர்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

"ஆள் மடியப் பாக்கிறார் புள்ள," என்பார் எங்கள் முதலாளி. "பொம்பிளப் புள்ள கூடின வீட்டில சீதனத்துக்குச் சல்லி சேத்து வெச்சிருப்பாங்க. அத மோப்பம் புடிக்கத்தான் இந்தக் கேள்வி."

முதலாளியோடு சேர்ந்து புளியந்தீவில் வீட்டுப் பிளான் கீறுவதுதான் என் தொழில். ஒரு சின்ன அறை, இரண்டு கம்பியூட்டர், ஒரு பெரிய பிரின்டர். நாங்கள் என்னதான் வடிவாகக் கீறினாலும் மாடி வைக்கிற வீடு, வாவிக்கரையை நிரப்பிக் கட்டுகிற வீடு என்றால் என்ஜினியர் ஒருவரின் கையெழுத்தும் சீலும் இல்லாமல் மாநகர சபையில் எடுக்கமாட்டார்கள். கண் எரிய எரிய வாரக்கணக்கில் கீறுவது நான். பேனையை ஒருதரம் ஓட்டிவிட்டு எங்களைவிடக் கூட எடுப்பது அவர். இந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தையும் நீங்கள் கேட்கவேண்டும்.

அரசாங்க வேலையிலிருந்து பென்சன் எடுத்தவர். பாலத்துக்கு அந்தப் பக்கம், வாவியைப் பார்த்த ஒரு ஒழுங்கையில் வீடு. கேற் எப்போதும் பூட்டியிருக்கும். நாய் கிடையாது. நாய் வளர்த்தால் வருகிற போகிறவர்களோடு பழகிவிடும் என்று அதையும் அவர் நம்பவில்லை போலும். கேற்றைத் தட்டினால் முதலில் ஜன்னல் சீலை விலகும். பிறகு நேரம் போகும். பிறகுதான் பூட்டைத் திறக்கத் திறப்புக் கோர்வை வரும்.

அவருடைய சீல், முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றிச் சேட்டுப் பையில் இருக்கும். மேசை லாச்சியில் வைத்து நான் கண்டதே இல்லை. கையெழுத்து வைக்கிற நேரம் வெளியே எடுப்பார், அமத்துவார், துடைப்பார், மறுபடி சுற்றிப் பையில் வைத்து மேலால் ஒருதரம் தட்டிப் பார்ப்பார். முகம் கழுவப் போனாலும் அது கூடவே போகும்.

"கல்யாணம் முடிச்ச நாள்ளருந்து பாக்கன் புள்ள," என்று அவருடைய மனைவி ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்குக்கூட இவ்வளவு காவல் இல்ல."

"நீ தொலைஞ்சா ஆரும் உன்ன வெச்சு வீடு கட்டமாட்டாங்க," என்றார் அவர். சிரிக்கவும் இல்லை.

ஏறாவூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். கடைக்கு மேலே வீடு எடுக்கிற பிளான். நான் கீறியது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் வரும்போது நல்ல எருமைத் தயிர் ஒரு சட்டி கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போகும்போது தயிர் கொண்டுபோவதில் என்ன இருக்கிறது? ஆனால் இவர் சட்டியைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார்.

"தயிர் எதுக்கு?"

"சும்மா சேர், வீட்டுத் தயிர்."

"பீம் கனம் காணாதோ?"

"ஐயோ சேர், அப்பிடி ஒண்டும் இல்ல!"

"அப்ப தூண்ல என்னவும் பிழையா?"

பாவம் அந்த மனிதர், வேர்த்து விறுவிறுத்துப் போனார். அன்றைக்குச் சொன்ன விலையில் தயிருக்கும் சேர்த்துக் கூட்டியிருந்தார் என்பது என் கணக்கு. வாசலில் வைத்துக் கடைக்காரர் என்னைத் திட்டினார். "எந்த விசரன்ட்ட என்னக் கூட்டிட்டு வந்தநீ?" என்றார். தயிர்ச் சட்டியையும் திருப்பித் தந்துவிட்டார்கள். அதை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நான்தான் புளியந்தீவு வரைக்கும் வந்தேன்.

இப்படிப்பட்டவரிடம் ஆட்கள் உண்மை சொல்லுவார்களா? விலை ஏறுகிற காரணம் ஊருக்குத் தெரிந்த நாள் முதல் எல்லோர் வீட்டிலும் ஒரேயொரு மகள்தான். கட்டாரில் வேலை செய்கிற காத்தான்குடிக்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். கேள்வி வந்ததும், "ஒண்டுதான் சேர், ஒரே மகள்," என்றார் நெஞ்சில் கைவைத்து. சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. வீடியோ. அவசரத்தில் நிற்பாட்டப் போய் விரல் பச்சையில் பட்டுவிட்டது. "வாப்பா! எனக்கு ஐஸ்கிறீம்!" "எனக்கும் வாப்பா!" "வாப்பா, இவ எனக்கு அடிக்கிறா!"

என்ஜினியர் எட்டிப் பார்த்தார். "பக்கத்து வீட்டுப் புள்ளைகளும் உங்கள வாப்பா எண்டுதான் கூப்பிடுமோ?" என்றார்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டேன். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. ஏனென்றால் இவரிடம் ஒளித்து வைக்கப்பட்ட மகள்களில் நானும் ஒருத்தி.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பஸ் டிப்போவில் வேலை. அக்காவுக்காக வாவிக்கரைக் காணியைக் கிறவல் மண் கொட்டி நிரப்பி வீடு கட்டத் தொடங்கினார். நிரப்பின காணி என்றபடியால் என்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்றது சபை. காணியையும் நாங்கள் அப்போது இருந்த பழைய வீட்டையும் பார்க்க அவர் வருகிறார் என்றதும் அப்பா என்னைப் புத்தகத்தோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். "அந்தாள் போகுமட்டும் இஞ்சால தலை காட்டாத. நீ ஒருத்தி இருக்காய் எண்டு தெரிஞ்சா விலை ரெட்டிப்பாகும்," என்றார்.

கிடுகு வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டு, பையில் ஒரு புடைப்பு. அப்பா "ஒரே மகள் சேர்" என்று சொல்வது கேட்டது. அவர் உடுப்புக் கொடியைப் பார்த்தார். கொடியில் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அப்போது படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். கொடியையும் பார்த்து அக்காவையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார். விலை இரண்டு மகளுக்கானது.

அப்பா நாள் முழுக்கக் கத்தினார். "கொடியில காயிற சட்டைக்கும் சல்லி எடுக்கிறான் கள்ளன்! இவனும் ஹாட்வெயார்க் கடைக்காரனும் பங்கு. அத்திவாரத்தப் பெருசாக் கீறினாத்தானே கம்பி போகும், சீமெந்து போகும்!" என்றார். ஊரே அப்படித்தான் கதைத்தது. நானும் அப்படித்தான் நம்பினேன். பள்ளிக்கூட வயதில் ஒரு மனிதர்மேல் விழுந்த சந்தேகம் லேசில் போகாது. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் படம் கீறப் படித்து, புளியந்தீவில் வேலைக்குச் சேர்ந்து, சுருட்டிய பிளானோடு அவருடைய கேற்றடியில் முதல் தரம் போய் நின்றபோது அந்தச் சந்தேகத்தையும் கொண்டுதான் போனேன். நான் யாருடைய மகள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை அவர் "புள்ள" என்றே கூப்பிட்டார்.

அவரிடம் நான் கண்ட ஒரு நல்ல விசயத்தையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாவம். கோயில் ஒன்றை நிர்வகிக்கிற வண்ணக்கர், மண்டபம் கட்டுகிற பிளானோடு வந்து, "சாமிட வேலை சேர், கையெழுத்தச் சும்மா வெச்சுத் தாங்க," என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார். இவர் மசியவில்லை.

"காசு எடுத்தாத்தான் எனக்குப் பாக்கவேணும் எண்டு வரும். எடுத்த காசுக்குப் பயம் வரும். சும்மா வெக்கச் சொன்னா நான் பாக்காமத்தான் வெப்பன். ஐயாட மண்டபத்துக்குள்ள சனம் இருக்குமா, இருக்காதா?"

வண்ணக்கர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். இவர் ஒரு நாத்திகன், பேராசை பிடித்தவன் என்று கோயில் வட்டாரத்தில் பேர் வந்தது. அந்தக் காலத்தில்தான் நகரத்துக்கு இன்னொரு என்ஜினியர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பிளானை வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். கேள்வி கிடையாது, விலையும் பாதி, பின்னேரம் கையெழுத்து வந்துவிடும். எங்கள் முதலாளியும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பழையவரிடம் போவது பிடிவாதக்காரர்களும், வங்கி கேட்டு அனுப்பிய கடன்காரர்களும், நானும்தான். நான் ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. அவரை என்றைக்காவது கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்ற எண்ணமாகவும் இருக்கலாம்.

எனக்குக் கல்யாணம் பேசினார்கள். வாழைச்சேனையில் வேலை செய்கிறவர், எனக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒன்றேயொன்று கேட்டார், "புள்ளைக்கு வீடு?" அப்பா மேலே கையைக் காட்டினார். "மூத்தவள்ட வீட்டுக்கு மேல எடுத்துத் தாறன். வாவிக் காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போகும்."

அந்த மேல் வீட்டை நானே கீறினேன். மற்றவர்களுக்கு எத்தனையோ வீடு கீறியிருக்கிறேன், எனக்கென்று கீறியது இதுதான் முதல் தரம். குசினி ஜன்னலை வாவிப் பக்கம் வைத்தேன், அழித்தேன், இன்னும் கொஞ்சம் அகலமாக வைத்தேன். முதலாளி, "வட்ஸ்அப்பில போடு, பின்னேரம் வந்திரும்," என்றார். நான் கேட்கவில்லை. என் வீட்டுக்கு இவருடைய கையெழுத்துத்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. அத்திவாரம் இரண்டு வீட்டுக்குப் போட்டது, அதற்கு அப்போதே காசும் எடுத்தவர், இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று பார்ப்போமே!

பிளானை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "வீட்டில பொம்பிளப் புள்ள எத்தின?"

"ரெண்டு. ரெண்டாவது நான்தான்," என்றேன்.

முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். காணி எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"கொடியில காய்ஞ்ச வெள்ளைச் சட்டை உன்டதா?"

"ஓம் சேர்."

"அந்த வீட்டுக்கு நான் ரெண்டு தட்டுக்குத்தான் அத்திவாரம் போட்டது. ஒண்டும் பயமில்ல," என்று பேனையை எடுத்தார். எடுத்த பேனையை வைத்துவிட்டார். "எதுக்கும் ஒரு மூலைத் தூணடியில கிடங்கு வெட்டி வெய். நான் வந்து பாக்கன்."

எனக்குத் திக்கென்றது. வீடு கட்டி முடிந்தபோது, பிளானில் உள்ளபடியே கட்டியிருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்து வைத்ததும் இவர்தான். அதைக் காட்டித்தான் சபை குடியிருக்க விட்டது. தான் சரி என்று எழுதிக் கொடுத்த அத்திவாரத்தை எதற்கு மறுபடி தோண்டிப் பார்க்கிறார்?

"நீங்கதானே சேர் அப்பவே சரி எண்டு வெச்சது?" என்று கேட்டேன்.

அவர் சேட்டுப் பையைத் தட்டிப் பார்த்தார்.

அப்பாவுக்குக் கிடங்கு வெட்டுகிற கதை பிடிக்கவேயில்லை. "நிக்கிற வீட்டக் கிண்டி என்னத்தப் பாக்கப்போறான்?" என்று எரிந்து விழுந்தார். அத்தான்தான் மண்வெட்டியை எடுத்து வாவிப் பக்கத்து மூலையில் வெட்டினார். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டே வெட்டினோம். என்ஜினியர் ஓட்டோவில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, களிசானை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, அந்த வயதில் கிடங்குக்குள் இறங்கினார். சேற்றுக்குள் கையை விட்டுத் தூணின் அடியைத் தடவினார், அளவு நாடாவைப் பிடித்தார், மறுபக்கமும் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை.

அத்திவாரம் பிளானில் காட்டியதில் பாதிகூட இல்லை. மேலே நின்ற எனக்கே தெரிந்தது.

"ஆர் குறைச்ச?" என்றார்.

அப்பா கொஞ்சமும் கூசவில்லை. "நான்தான் மேசனிட்டச் சொல்லிக் குறைச்சன். நீங்க சல்லி எடுக்கப் பெருசாக் கீறின அத்திவாரத்துக்கு நான் ஏன் கம்பி வாங்கிப் போடோணும்? இவ்வளவு காலமா வீடு நிக்குதுதானே? ஒரு வெடிப்பு விழுந்திருக்கா?"

"கீழ் வீட்டுக்கு இது காணும். மேல ஏத்தினா காணாது. இது வாவிய நிரப்பின மண். ஒரு மாரியில ஒரு பக்கம் இறங்கினா..." அவர் முடிக்கவில்லை. உள்ளே அக்கா தன் கைப்பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"இனிப் பலப்படுத்த ஏலாதா சேர்?" என்று அத்தான் கேட்டார்.

"ஏலும். புது வீடு கட்டுற சல்லி முடியும்."

அந்தச் சல்லி எங்களிடம் இல்லை. இவ்வளவுக்கும் காரணம் என்ன? என்னை ஒளித்து வைத்த அப்பாவை அவர் நம்பவில்லை, அதனால் பெரிதாகப் போட்டார். அவர் பெரிதாகப் போட்டதை அப்பா நம்பவில்லை, அதனால் குறைத்தார். இரண்டு பேருடைய சந்தேகத்துக்கும் நடுவில் போனது என் வீடு. அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"கொங்கிறீட் போட முதல் கிடங்கப் பாக்க நீங்க வந்தீங்களா சேர்?" என்று கேட்டேன்.

கிடங்குக்குள் நின்றபடியே சொன்னார். "அண்டைக்கு வெள்ளம். றோட்டு மறிபட்டுக் கிடந்த."

"வெள்ளம் வடிஞ்ச பிறகு?"

"போட்டு மூடிட்டம் எண்டு உங்கட அப்பா போன் எடுத்தார். பிளான்படிதான் போட்டது எண்டு சொன்னார்."

ஏறாவூர்த் தயிரை நம்பாத மனிதர், கட்டார்க்காரர் நெஞ்சில் வைத்த கையை நம்பாத மனிதர், அப்பாவின் ஒரு போன் பேச்சை நம்பினாராம்! எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளம் உண்மையாக இருக்கலாம். பார்க்க வருகிற கூலியும் சேர்த்துத்தான் முதலிலேயே எடுத்திருந்தார் என்பதும் உண்மைதான்.

அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஓகோ! வராமலேதான் வந்து பாத்தமாதிரிக் கையெழுத்து வெச்சதா? கொழும்பில சீல் குடுக்கிற இடத்துக்கு ஒரு கடிதம் போட்டா உங்கட சீல் உங்கட பையில கிடக்குமா சேர்? பேசாம இந்தப் பிளானுக்கும் வெச்சிட்டுப் போங்க. எனக்கு என்ட புள்ளைட கல்யாணம் நடக்கோணும்."

அத்தான், "மாமா, சும்மா இருங்க," என்றார். அப்பா கேட்கவில்லை.

என்ஜினியர் மேலே ஏறி வந்தார். என் கையிலிருந்த பிளானை வாங்கினார். ஓட்டோவின் பின்சீட்டில் விரித்தார். லேஞ்சியைப் பிரித்தார். சேறு பட்ட கையால் கையெழுத்து வைத்தார், சீலை அமத்தினார். துடைக்காமலே பையில் போட்டார்.

"எவ்வளவு சேர்?" என்று அப்பா பேர்ஸைத் திறந்தார்.

"வேண்டாம்."

ஓட்டோ போய்விட்டது. "பாத்தியா? பயப்படுத்தினா எல்லாரும் நல்ல மனுசர்தான்," என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்கே சும்மா கையெழுத்து வைக்காத மனிதர் என் வீட்டுக்குச் சும்மா வைத்துவிட்டுப் போயிருந்தார். சும்மா வைத்தால் எப்படி வைப்பேன் என்று அவரே சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். பிளான் இப்போது சட்டப்படி சரி. சபை எடுக்கும், மேசன் வருவான், மாப்பிள்ளையின் தாய் நாள் குறிப்பார், நான் வாவிக் காற்று வாங்குவேன், எனக்குக் கீழே அக்காவும் பிள்ளையும் படுத்திருப்பார்கள்.

அடுத்தநாள் வேலைக்குப் போகாமல் பிளானையும் எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு கைப்பையில் இருந்தது. கேற் அன்றைக்குப் பூட்டியிருக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நேத்தைய கையெழுத்துக்குக் காசு கொண்டுவந்தன்," என்றேன்.

"நான் கேக்கல்லயே."

"நீங்க சும்மா வெச்சது எனக்கு வேணாம். காச எடுங்க. எடுத்துட்டுப் பிளானப் பாருங்க. பாத்துட்டு வையுங்க."

"பாத்தா வெக்க ஏலா புள்ள."

"தெரியும்."

"உனக்கு வீடு இல்லாமப் போகும்."

"தெரியும் எண்டு சொல்றன்தானே!" என்று கத்திவிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது. அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"உங்கட அப்பா கொழும்புக்கு எழுதுவார்."

"எழுதினா எழுதட்டும். அது உங்கட பாடு."

அவர் காசை எடுத்தார். குறையவும் எடுக்கவில்லை, கூடவும் எடுக்கவில்லை, இரண்டு மகளுக்கான விலையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். எடுக்காமல் விடுவார், பாவம் பார்ப்பார் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேற்றே முடிவு தெரிந்த அந்தப் பிளானை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை விரல் வைத்து வாசித்தார். வாசலால் யாரோ வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் தலை நிமிர்த்தவில்லை.

"இந்தப் படியில ஏறக்குள்ள தலை இடிக்கும்," என்றார் ஓரிடத்தில். "அடுத்த வீட்டுக்குக் கீறக்குள்ள கவனி."

பிறகு நேற்று வைத்த கையெழுத்தின் மேல் குறுக்காகக் கோடு இழுத்தார். மேல்தளம் ஏற்ற அத்திவாரம் போதாது என்று எழுதினார். தேதி போட்டார். அதற்கும் சீல் அமத்தினார். இந்தமுறை சீலைத் துடைத்தார்.

அப்பா கொழும்புக்கு எழுதவில்லை. எழுதினால் அத்திவாரத்தைக் குறைத்த கதையும் வெளியில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். "எவ்வளவு எடுத்தான்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "பாத்தியா, நான் அண்டைக்கே சொன்ன, அவன் காசுக்குத்தான் செத்தவன் எண்டு," என்றார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சக்காலம் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள். மாப்பிள்ளை எனக்கு ஒருதரம் போன் எடுத்து, "அம்மாட சொல்லத் தட்ட ஏலாம இருக்கு," என்றார். சரி என்று வைத்துவிட்டேன். என்ஜினியரும் இப்போது இங்கே இல்லை. மகனோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். வீட்டை விற்றபோது, வாங்க வந்தவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாராம்.

அவர் நல்லவரா கெட்டவரா என்று முதலாளி இன்னும் என்னோடு வாதாடுவார். எனக்குத் தெரியாது. காசை எடுத்துக்கொண்டு உண்மையை எழுதினார், அது தெரியும். காசு எடுக்காமல் பொய்யை எழுதினார், அதுவும் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு அவர் ஏன் எங்கள் காணிப் பக்கம் வரவேயில்லை என்பது இன்றுவரை தெரியாது.

அன்றைக்குப் பிளானைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கேற்வரைக்கும் கூட வந்தார். அப்படி வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. நான் திரும்பி நின்று கேட்டேன்.

"இண்டைக்கு நான் வராம விட்டிருந்தா, நீங்களா வந்து அந்தக் கையெழுத்த வெட்டியிருப்பீங்களா சேர்?"

"வெட்டியிருப்பன் எண்டு சொன்னா நீ நம்புவியா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல," என்றேன்.

"நம்பாத," என்றார். கேற்றைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.